காஜியின் தீர்ப்பும் கலீபாவின் ஆணையும்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில், வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியையும் தென் ஸ்பெயினையும் ஒருசேர ஆண்டுவந்த முவஹ்ஹிது வமிசத்துக் கலீபாவான அபூ யஃகூப் யூசுபின் சமுகத்துக்கு, அவருடைய அரண்மனை வைத்தியரும் தத்துவ ஞானியுமான இப்னு துபைல், நாற்பது வயதைக் கடந்த ஒரு சட்ட நிபுணரை ஒரு நாள் அழைத்துச் சென்றார். பெயரையும் குலத்தையும் விசாரித்த கலீபா, அதைத் தொடர்ந்து, வானம் அநாதியானது என்று தத்துவவாதிகள் கருதுகிறார்களா, அல்லது ஒரு காலத்தில் படைக்கப்பட்டது என்று கருதுகிறார்களா என்று கேட்டுவிட்டார். வந்தவருக்கு நா எழவில்லை. தமக்கும் தத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று மழுப்பினார். அவருடைய அச்சத்தைக் கண்டுகொண்ட கலீபா, இப்னு துபைலின் பக்கம் திரும்பி, இவ்விஷயத்தில் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் சொன்னவை எவை, இஸ்லாமிய மத பண்டிதர்கள் அவர்களுக்குக் கூறிய மறுப்புக்கள் எவை என்று தாமே விஸ்தரிக்கத் தொடங்கிய பிறகே, வந்தவருக்குத் தைரியம் பிறந்து அவரும் பேச்சில் கலந்துகொண்டார். அவர்தாம் இப்னு ருஷ்து. இந்தச் சம்பவத்தை, அவருடைய மாணாக்கர் ஒருவர் வாயிலாகக் கேட்டதாக, மராக்குஷி என்னும் சரித்திராசிரியர் 1224-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் குறித்து வைத்திருக்கிறார்.

அஞ்சியவர் கோழை அல்லர். 1126-ல் தென் ஸ்பெயினின் குர்துபா நகரில், பாட்டனார், தந்தையார் இருவரும் காஜி, அதாவது நீதிபதி, பதவி வகித்த குடும்பத்தில் பிறந்து, மாலிக்கி சட்ட மரபிலும் வைத்தியத்திலும் தேர்ந்து விளங்கிய அவருக்கு, அந்தக் கேள்வியின் விடை ஒருவனுடைய உயிருக்கே உலை வைக்கக் கூடியது என்பது நன்றாகத் தெரியும். அவ்வாறு ஆக்கி வைத்தவர் இமாம் கஸ்ஸாலி. நம் நாட்டு முஸ்லிம் இல்லங்களில் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பக்திக் களஞ்சியத்தின் ஆசிரியராகவே பெரிதும் போற்றப்படும் அப்பெரியார், பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் ஆசிரியராக இருந்தபோது, 1095-ல், 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்ற கண்டன நூலை எழுதினார். தத்துவவாதிகளின் சித்தாந்தங்களில் இருபதை எடுத்துக்கொண்டு, பதினேழைப் புதுமை வாதங்கள் என்று ஒதுக்கி, மூன்றை மட்டும் மார்க்கத்தையே நிராகரிப்பவை என்று தீர்ப்பளித்தார்: உலகம் அநாதி என்பது, இறைவன் பொதுவானவற்றை அறிவானேயன்றித் தனித்தனிப் பொருள்களை அறியான் என்பது, மறுமையில் உடலோடு எழுப்பப்படுவதில்லை என்பது. கலீபா கேட்டது அம்மூன்றில் முதலாவது.

கஸ்ஸாலியைப் பகுத்தறிவின் பகைவர் என்று வருணிப்பது இக்காலத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் கணிதத்தை மறுக்கவில்லை. தர்க்க சாஸ்திரத்தை விலக்கவில்லை. தாமே தர்க்க நூல்கள் இயற்றியதோடு, தம் சட்டத் தத்துவ நூலுக்கே தர்க்கத்தை முகவுரையாக வைத்தவர் அவர். அன்றைய அரசியலையும் மறந்துவிடலாகாது. கெய்ரோவில் ஃபாத்திமிகள் போட்டிக் கலீபாக்களாக வீற்றிருக்க, அவர்களுடைய பிரசாரத்தில் ஊறிய இஸ்மாயீலிப் போதகர்கள் ஈரானெங்கும் தத்துவச் சாயல் படிந்த கொள்கைகளைப் பரப்பிக்கொண்டிருக்க, கஸ்ஸாலியை 1091-ல் பக்தாதில் நியமித்த மந்திரி நிஜாமுல் முல்க் அடுத்த ஆண்டே கொலையுண்டு மாண்டார். கலீபா முஸ்தஸ்ஹிரின் விருப்பத்துக்கு இணங்க இஸ்மாயீலிகளைக் கண்டித்தும் கஸ்ஸாலி ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஆகவே, அவருடைய கண்டனத்தில் ஞான விசாரத்தோடு ராஜ்ய விசாரமும் கலந்தே இருந்தது.

இதற்கு இப்னு ருஷ்து எழுதிய மறுப்புக்களில் பெரியது 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்'. ஆனால் என் மனத்துக்கு உகந்தது, 1180-ஐ ஒட்டி அவர் எழுதிய 'ஃபஸ்லுல் மகால்' என்னும் சிறு நூல். அதை ஒரு தத்துவ நூல் என்பதைவிட ஒரு ஃபத்வா, அதாவது மார்க்கச் சட்டத் தீர்ப்பு, என்பதே பொருந்தும். தத்துவத்தையும் தர்க்கத்தையும் கற்பது ஷரீஅத்தின்படி அனுமதிக்கப்பட்டதா, விலக்கப்பட்டதா, விதிக்கப்பட்டதா என்று காஜி ஸ்தானத்தில் அமர்ந்து கேள்வி எழுப்பி, படைப்பைக் கண்டு சிந்திக்குமாறு குர்ஆன் ஏவுவதால், சிந்தனையின் பூரணமான முறையாகிய பிரமாண வாதத்தைக் கற்பது, அதற்குத் தகுதியுடையார்க்கு வாஜிபு, அதாவது கட்டாயக் கடமை, என்று தீர்ப்பு வழங்குகிறார். கிரேக்கர் அந்நிய மதத்தினராயிற்றே என்று ஆட்சேபிப்பவருக்கு, குர்பானி கொடுப்பவர், கத்தி கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பாரேயன்றி, அதைச் செய்தவன் என்ன மதத்தான் என்று விசாரிப்பதில்லை என்று சட்டப் புத்தகத்திலிருந்தே உதாரணம் காட்டுகிறார்.

மூன்று குற்றச்சாட்டுக்களையும் அவர் சந்திக்கும் விதம், கைதேர்ந்த வழக்கறிஞர் ஒருவருடைய சாதுரியத்தை ஒத்தது. சமுதாயத்தின் ஏகோபித்த கருத்தை மீறினால்தான் ஒருவனை நிராகரிப்பவன் என்று சொல்ல முடியும். நுட்பமான ஞான விஷயங்களில் அப்படி ஏகோபித்த கருத்து ஒன்று இருந்ததாக நிரூபிக்கவே முடியாது. வியாக்கியானத்தில் அதை மீறுவோரைத் திட்டமாக நிராகரிப்பவர் என்று சொல்லிவிட முடியாதென்பதைக் கஸ்ஸாலியே வேறொரு நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறாரே என்று எதிராளியின் சாட்சியத்தையே எடுத்து நீட்டுகிறார். இறைவனது அறிவைப் பற்றிய வழக்கிலோ, மனிதனுடைய அறிவு பொருள்களால் உண்டாவது, இறைவனுடைய அறிவு பொருள்களை உண்டாக்குவது, ஆகையால் 'பொது' என்றும் 'தனி' என்றும் நம் அறிவைப் பகுப்பதுபோல் அவனுடைய அறிவைப் பகுப்பதே பிழை என்கிறார். இந்த விடையின் ஆழம் எளிதில் வற்றுவதன்று.

இத்தனைக்கும் நடுவே, நூலின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருக்கிறது. மக்களுள் பிரமாணத்தால் தெளிபவர் சிலர். வாதப் பிரதிவாதத்தால் இணங்குபவர் சிலர். நாவன்மையாலும் உருவகங்களாலும் மனம் கொள்பவர் பெரும்பாலோர். வேத வாக்கியத்தின் வெளிப்பொருள் பிரமாணத்தோடு மாறுபடுமிடத்தில் உட்பொருள் காண வேண்டும் என்று சொல்லும் இப்னு ருஷ்து, அந்த உட்பொருளை முதல் வகுப்பாரைத் தவிர வேறெவருக்கும் சொல்லலாகாது, பொதுமக்கள் வாசிக்கும் நூல்களில் எழுதவும் கூடாது என்று கண்டிப்பாக விதிக்கிறார். பொருள் மறைந்த வசனங்களின் உட்பொருளை இறைவனையன்றி எவரும் அறியார் என்று குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்தில் நிறுத்தி ஓதுவோர் உண்டு. கல்வியில் வேரூன்றியோரையும் சேர்த்து ஓதிய பின்பே நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. கஸ்ஸாலியின்மேல் அவருக்கிருந்த பெரிய கோபமும், அவர் தத்துவத்தைத் தாக்கினார் என்பதைவிட, அதைச் சந்திக்கு இழுத்துவிட்டார் என்பதே.

ஞானிகளுக்குப் பிரமாணம், மற்றவர்களுக்கு உருவகம் என்னும் இக்கருத்து இப்னு ருஷ்துவுக்கு முன்பே உருவானது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்து, அரிஸ்டாட்டிலுக்கு அடுத்த 'இரண்டாம் ஆசான்' என்று புகழப்பட்ட பாராபி, தத்துவம் பிரமாணத்தால் அறிவதையே மதம் உருவகங்களால் உணர்த்துகிறது என்றும், உத்தம நகரத்தின் தலைவன் ஞானியும் தீர்க்கதரிசியுமாக இருக்க வேண்டும் என்றும் போதித்திருந்தார். இப்னு ருஷ்தும் பிளேட்டோவின் 'குடியரசு'க்கு உரை எழுதினார். அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல் அவர் கைக்கு எட்டாததே அதற்குக் காரணம். அந்த உரையில் அவர் அசாத்தியத் துணிவு காட்டுகிறார். நல்லாட்சி கொடுங்கோன்மையாகச் சீரழிவதற்குத் தம் காலத்து ஸ்பெயினையே உதாரணமாக எடுக்கிறார்; பெண்களுள்ளும் ஞானிகளும் ஆட்சியாளரும் தோன்றக்கூடும் என்றும், அவர்களைப் பிள்ளை பெறுவதற்கும் வளர்ப்பதற்கும் மட்டுமே என்று ஒதுக்கிவைத்திருப்பது தம் நாட்டு நகரங்களின் வறுமைக்கு ஒரு காரணம் என்றும் எழுதுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், காஜியாக இருந்த ஒருவர் எழுதியது இது. இந்த உரையின் அரபு மூலம் அழிந்துபோய், எபிரேய மொழிபெயர்ப்பாக மட்டும் எஞ்சி நிற்கிறது.

செவில்லிலும் குர்துபாவிலும் காஜியாகவும், 1182 முதல் இப்னு துபைலுக்குப் பின் அரண்மனை வைத்தியராகவும் உயர்ந்த அவருக்கு, 1195-ல் சரிவு வந்தது. பட்டத்திலிருந்தவர் பழைய கலீபாவின் மகன் அல்-மன்சூர். காரணங்களாகக் கூறப்படுபவற்றில் வேடிக்கையும் உண்டு: பிராணிகளைப் பற்றிய நூலொன்றில் ஒட்டைச்சிவிங்கியை வருணித்தபோது, கலீபாவை 'பெர்பர்களின் அரசர்' என்று மொட்டையாகக் குறிப்பிட்டுவிட்டாராம். உண்மைக் காரணத்தை அவ்வாண்டின் வரலாற்றில் தேடலாம். காஸ்தீல் நாட்டு மன்னன் எட்டாம் அல்ஃபோன்சோவோடு யுத்தம் மூண்டு, ஜூலை 18-ல் அலார்கோஸ் களத்தில் அல்-மன்சூர் பெருவெற்றி பெற்றார். போர்க்காலத்தில் அரசனுக்கு வேண்டியவர்கள், மக்களிடையே செல்வாக்குள்ள சட்டவாதிகள்; அவர்களுக்கோ தத்துவம் கண்ணில் விழுந்த தூசு. இப்னு ருஷ்து விசாரிக்கப்பட்டு, குர்துபாவுக்குத் தெற்கே லூசேனா என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். வைத்தியம், கணிதம், காலக் கணிப்புக்கு வேண்டிய வான சாஸ்திரம் ஆகியவை நீங்கலாக, தத்துவ நூல்களை எரிக்கும்படி ஆணை பிறந்தது.

அவருக்குப் பக்கபலமாகப் பொதுமக்களிடையே ஒரு கூட்டம் இல்லாமற் போனது ஏன்? அவருடைய சொந்தக் கொள்கையே அதற்குப் பாதிக் காரணம் என்பது என் எண்ணம். ஞானத்தைப் பெரும்பாலோர் கண்ணிலிருந்து மறைத்து வைத்தால், அதற்கு மிஞ்சுகிற துணை அரசன் ஒருவனே; அரசனுக்கு அந்தப் பெரும்பாலோர் தேவைப்படும் நாளில் அத்துணையும் விலகிவிடும். வழக்குமன்றத்தில் சாமானியரை நாள்தோறும் கண்ட நீதிபதியின் எச்சரிக்கை அது என்று சமாதானம் சொல்லலாம். சொன்னாலும், அது அவரைக் காக்கவில்லை. சில காலத்துக்குப் பின் கலீபாவே அவரைத் தம் தலைநகர் மராக்கிஷுக்கு மீண்டும் அழைத்துக்கொண்டார். 1198 டிசம்பரில் இப்னு ருஷ்து அங்கே காலமானார். அடுத்த மாதம் கலீபாவும் காலமானார்.

கஸ்ஸாலியின் ஒரு நூலால் இஸ்லாமிய உலகில் தத்துவம் மாண்டது என்று எழுதுவோர், 1259-ல் தத்துவவாதியான நஸீருத்தீன் தூசி மராகாவில் வானாராய்ச்சிக் கூடம் நிறுவியதையும், பதினேழாம் நூற்றாண்டு ஈரானில் முல்லா ஸத்ரா தத்துவ நூல்களை எழுதிக் குவித்ததையும் பார்க்கத் தவறியவர்கள். குர்துபாவின் சரித்திரத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. இப்னு ருஷ்துவின் நூல்களுக்கு நெருப்பு வைக்கப்படுவதற்கு எண்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால், 1109-ல், அதே குர்துபாவில் தீக்கிரையானது கஸ்ஸாலியின் 'இஹ்யா'. 'இஹ்யா'வை எரிக்க ஆணையிட்டவர் முராபித்து அரசர் அலீ இப்னு யூசுப். இப்னு ருஷ்துவின் நூல்களை எரிக்க ஆணையிட்டவர், அந்த முராபித்துகளை வீழ்த்திய முவஹ்ஹிது வமிசத்தின் கலீபா.