எருமை நாக்கு மீனுக்கு அடித்தூண்டில் கட்டும் முறை

கடலோரக் கிராமங்களில் சிறிதளவு நிலமும் ஒரு வள்ளமும் வைத்துக்கொண்டு, வயலில் வேலை இல்லாத நாட்களில் கடலுக்குப் போகும் சிறு விவசாயிகள் உண்டு. வலை வாங்கப் பெருந்தொகை வேண்டும். தூண்டிலுக்குச் செலவு குறைவு. ஆனால் தூண்டிலைச் சரியாகக் கட்டாவிட்டால் முள்ளும் நரம்பும் பாரில் சிக்கி அறுந்து போகும். அன்றைய எண்ணெய்ச் செலவும் வீணாகும்.

எருமை நாக்கு தட்டை மீன் வகையைச் சேர்ந்தது. இரு கண்களும் உடலின் ஒரே பக்கத்தில் இருக்கும். மணலும் சேறுமான தரையில் படுத்திருந்து, அருகே வரும் சிறு மீன்களைப் பாய்ந்து பிடிக்கும். வாய் பெரிது, பற்கள் கூர்மையானவை. எனவே, வள்ளத்தை நீரோட்டத்தில் மெல்ல நகரவிட்டு, இரையைத் தரையோடு இழுத்துச் செல்வதே ஏற்ற முறையாகும்.

தேவையான பொருள்கள்

தாய் நரம்பு 0.8 மி.மீ. கனமும், முள் கட்டும் கிளை நரம்பு 0.6 மி.மீ. கனமும் இருக்கலாம். குண்டு கட்டும் நரம்பு 0.4 மி.மீ. போதும். இதுவே முக்கியம். குண்டு பாரில் சிக்கினால் மெல்லிய நரம்பு மட்டும் அறும். முள்ளும் அதில் மாட்டிய மீனும் தப்பும். மூன்று நரம்புகளையும் ஒரே கனத்தில் கட்டினால் எல்லாமே போய்விடக்கூடும்.

ஈயக்குண்டுக்குப் பதிலாகப் பழைய இரும்பு நட்டுகளையோ துளையிட்ட கல்லையோ பயன்படுத்தலாம். வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கக் கூடாது. அந்தப் புகை நஞ்சு. குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல்.

கட்டும் விதம்

மூன்று கண்கள் உள்ள சுழல் வளையம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணில் தாய் நரம்பையும், இரண்டாவது கண்ணில் ஒரு சாண் நீளத்தில் குண்டு நரம்பையும், மூன்றாவதில் இரண்டு முழ நீளத்தில் கிளை நரம்பையும் கட்ட வேண்டும். குண்டு தரையைத் தொட்டுச் செல்ல, இரை அதன் பின்னால் தரையை ஒட்டி மிதந்து வரும்.

முடிச்சுப் போட, நரம்பின் நுனியைக் கண்ணில் நுழைத்து, அதே நரம்பின் மேல் நான்கைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு நுனியைக் கண்ணை ஒட்டியுள்ள இடைவெளியில் நுழைத்து, தண்ணீரில் நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உராயும் சூட்டில் நரம்பு வலுவிழக்கும்.

இரையும் எடையும்

கணவாயையோ, மீனின் வயிற்றுப் பகுதியைத் தோலுடனோ விரல் நீளத்துக்கு நாடாவாக நறுக்கி, ஒரு முனையில் மட்டும் முள்ளைக் குத்த வேண்டும். சுருட்டிக் குத்தினால் இரை தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

பத்துப் பாக ஆழத்தில் 150 கிராம் குண்டுடன் தொடங்கலாம். நரம்பைக் கையில் பிடித்திருக்கும்போது குண்டு தரையில் தட்டுவது தெரிய வேண்டும். தட்டுவது தெரியாமல் நரம்பு மிகவும் சாய்ந்து போனால் எடையைக் கூட்ட வேண்டும். காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் இருந்தால் வள்ளம் வேகமாக ஓடும். அப்போது ஒரு வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டால் வேகம் தணியும்.

மீன் கடித்ததும் வெடுக்கென இழுக்கக் கூடாது. ஒரு பாகம் நரம்பை விட்டுக்கொடுத்து, கனம் தெரிந்த பின் சீராக இழுக்க வேண்டும். கரை திரும்பியதும் கிளை நரம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பல் பட்டுச் சொரசொரப்பாக இருந்தால் அந்தப் பகுதியை நறுக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவது நல்லது.