வீட்டுக் கொல்லையும் ஆண்டு முழுவதற்குமான வேலை முறையும்

நஞ்சையிலும் புஞ்சையிலும் விளைவைப் பெருக்குவதில் கருத்தூன்றும் குடியானவர்களிற் பலர், தம் வீட்டின் பின்புறத்துள்ள நாலைந்து சென்டு நிலத்தை ஒரு நிலமாகவே மதிப்பதில்லை. வைக்கோற் போருக்கும் விறகுக்கும் குப்பைக்கும் விட்டது போக எஞ்சிய இடம் முள்ளும் எருக்குமாய்க் கிடக்கின்றது. பத்து ஏக்கர் பயிரிடும் வீட்டினரும் கத்தரிக்காய்க்கும் கொத்தமல்லிக்கும் சந்தையை எதிர்பார்த்திருக்கின்றனர். இதனால் நேரும் நஷ்டம் பணத்தளவில் நிற்குமாயின் பொறுத்துக்கொள்ளலாம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவராகக் காணப்பட்டனர். இந்நோய்க்குக் காரணங்கள் பல உண்டாயினும், இரும்புச் சத்தும் ஜீவசத்துக்களும் குறைந்த உணவு அவற்றுள் முக்கியமானதாகும். குதிர் நிறைய நெல் இருப்பதனால் மட்டும் இக்குறை நீங்கிவிடாது.

ஒருவர் நாளொன்றுக்குக் காய்களும் கனிகளும் சேர்த்து 400 கிராமுக்குக் குறையாமல் உண்ணவேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஐவர் உள்ள குடும்பத்துக்கு இது தினந்தோறும் 2 கிலோவாகும். இவ்வளவையும் விலைகொடுத்து வாங்குவது வசதியுள்ள வீட்டுக்கும் பாரமே. 5 சென்டு, அதாவது ஏறக்குறைய 200 சதுர மீட்டர் இடத்தைப் பருவமறிந்து பயிரிட்டால், இத்தேவையிற் பெரும்பகுதியை வீட்டிலேயே தேடிக்கொள்ளலாம். கொல்லைப் பயிரில் உழைப்பினும் காலமே பெரிது. நாள் தவறிய விதை, எத்துணை நீரும் எருவும் இட்டாலும் உரிய பலனைத் தராது.

இடத்தை வகுத்தல்

நம் நாட்டில் மழையும் பனியுமான மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கின்றமையால், உயர்ந்த மரங்களைத் தென்புறத்தில் வைத்தால் அவற்றின் நிழல் காய்கறிப் பாத்திகள் மீது விழும். ஆகவே தென்னை, மா, முருங்கை, நெல்லி முதலியவற்றைக் கொல்லையின் வடபுறத்தில் வைப்பதே முறையாகும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கிணற்றுக்கு அண்மையில் இருக்கலாம். அவரை, பாகல், புடல் ஆகிய கொடிகளுக்குப் பந்தலை ஓர் ஓரத்தில் அமைத்து, நடுநிலத்தைச் சிறு பாத்திகளாக வகுத்துக்கொள்ளல் வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாக்கும் நோயும் புழுவும் மற்றவற்றையும் தாக்குமாதலால், அவற்றை ஒரே பாத்தியில் அடுத்தடுத்து நடாமல், இடையில் கீரையோ காராமணியோ கொத்தவரையோ பயிரிடுதல் நலம்.

சமையலறை நீரும் குளியலறை நீரும் வீணே தேங்கிச் சேறாவதை எவ்வூரிலும் காணலாம். அந்நீரை ஒரு சிறு கால்வாய் வழியே கல்வாழையும் சேம்பும் நட்ட பாத்தியில் முதலில் விட்டு, பின் வாழைக்கும் தென்னைக்கும் பாயவிடலாம். பச்சையாக உண்ணும் வெங்காயம், கொத்தமல்லி போன்றவற்றுக்கு இந்நீரைப் பாய்ச்சலாகாது.

சித்திரை, வைகாசி

கோடை மழை ஒன்று பெய்தவுடன் பாத்திகளை ஆழக் கொத்திப் புரட்டிவிட்டால், மண்ணினுள் உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். கோரைக் கிழங்குகளும் வெளிப்பட்டுக் காயும். மரக்கன்று நடுவதற்கான குழிகளை இப்பொழுதே எடுத்து ஆறவிடல் வேண்டும். தென்னைக்கு 3 அடி நீள அகல ஆழமும், வாழைக்கு ஒன்றரை அடி நீள அகல ஆழமும் போதுமானவை. தென்னையின் வட்டப்பாத்தியில் உரிமட்டைகளையோ காய்ந்த ஓலைகளையோ பரப்பினால் ஈரம் எளிதில் ஆவியாகாது. சேனையும் மஞ்சளும் இப்பருவத்தில் நடத்தக்கவை. அவை தைப்பொங்கலை ஒட்டி விளைவு தரும். நீர் உள்ள இடங்களில் வெண்டை, காராமணி, தண்டுக்கீரை ஆகியவை கோடையையும் தாங்கி வளரும்.

ஆனி, ஆடி

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற முதுமொழியைக் கொடிப் பயிர்களுக்கு எழுத்துக்கு எழுத்து கொள்ளலாம். நாட்டுப் பந்தல் அவரை பகற்பொழுது குறுகுங் காலத்திலேயே பூக்கும் இயல்புடையது. ஆடியில் ஊன்றிய விதை, மழைக்காலத்தில் கொடியாகப் படர்ந்து, பனிக்காலத்திற் பூத்துக் காய்க்கின்றது. அதே விதையைத் தை கழிந்து ஊன்றினால், பந்தல் நிறைய இலை இருக்குமேயன்றிக் காய் இராது. வித்தின் மேலும் எருவின் மேலும் குறை கூறுவோர் முதலில் தாம் விதைத்த மாதத்தை நினைவு கூர்தல் நன்று. பூசணி, பீர்க்கு, புடல், பாகல் ஆகியவற்றையும் ஆடியில் விதைக்கலாம்.

கத்தரி, மிளகாய், தக்காளி விதைகளை ஆனிக் கடைசியில் மேட்டுப்பாத்தியில் நாற்றுவிட்டால், தக்காளி 25 நாட்களிலும், கத்தரி 30 முதல் 35 நாட்களிலும், மிளகாய் 35 முதல் 40 நாட்களிலும் நடவுக்கு வரும். ஆடிக் காற்றில் வாழை சாயாதபடி குலை தள்ளிய மரங்களுக்கு முட்டுக் கொடுத்தல் வேண்டும். விதை முருங்கை இடுப்பளவு வளர்ந்ததும் அதன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் மிகுந்து, காற்றிலும் ஒடியாமல் நிற்கும்.

ஆவணி, புரட்டாசி

நாற்றுக்களை மாலை வேளையில் நட்டு உடனே நீர் வார்க்க வேண்டும். மரக்கன்றுகள் வேரூன்றுவதற்கும் இதுவே ஏற்ற காலம். முருங்கைப் போத்து நடுவோர் நட்ட முனையில் நீர் தேங்காதபடி சுற்றிலும் மண்ணை அணைத்துவிடுவார்களாக. பாகலிலும் பீர்க்கிலும் பழ ஈ குத்திய பிஞ்சுகள் அழுகி உதிரும். அவற்றைக் கொடியின் அடியிலேயே விட்டுவைத்தால் புழு மண்ணிற் புகுந்து மறுபடியும் ஈயாக வெளிவரும். எனவே உதிர்ந்தவற்றை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரி 920 மில்லிமீட்டர் அளவாகும். அதில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவக்காற்றினால் மூன்றே மாதங்களிற் பெய்துவிடுகின்றது. 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மீது 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 லிட்டர் நீராகும். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாயும் வடிகுழியும் இன்று தூர்ந்திருப்பின், மழைக்கு முன்னரே அவற்றைத் துப்புரவு செய்தல் வேண்டும். ஐப்பசியில் விட்டுவிட்ட நீரைப் பங்குனியில் தேடிப் பயனில்லை.

பாத்திகளை மேடாக்கி வடிகால் எடுக்காவிடில் மிளகாயும் தக்காளியும் இரண்டே நாட்களில் வேரழுகி மாயும். புயல் வருமென்று அறிவிப்புக் கிடைத்தவுடன் தென்னையின் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கிப் பாரத்தைக் குறைப்பதும், வீட்டின்மேற் சாய்ந்த கிளைகளை வெட்டுவதும் அவசியம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கரை கடந்த கஜா புயல், பல்லாண்டு வளர்த்த தென்னைகளை ஓரிரவில் வேரோடு சாய்த்ததைத் தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரத்தார் மறந்திரார். தென்னையை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் மீண்டும் காய் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வாழையும் கிழங்கும் கீரையும் உடன் உள்ள கொல்லை சில மாதங்களிலேயே மறுபடி பயன் தரத் தொடங்கும்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, சேற்று நீரிலன்றித் தெளிந்த நீரிலேயே முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். ஆகையால் கொட்டாங்கச்சி, பழைய டயர், உரற்குழி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் நின்ற நீரை வாரம் ஒருமுறை தவறாமற் கவிழ்த்துவிட்டால் கொசு பெருகாது. விறகையும் செங்கலையும் சுவரோரம் குவித்து வைத்தல் பாம்புக்கு இடமளிக்கும். பாம்பு தீண்டினால் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடா. தீண்டப்பட்டவரை அசையாதிருக்கச் செய்து, நஞ்சு முறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லல் வேண்டும்.

மார்கழி, தை

பனிக்காலத்தில் முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, வெங்காயம் ஆகியவை செழிக்கும். வெண்டை, சுரை, வெள்ளரி ஆகியவற்றைத் தைப் பட்டத்தில் விதைக்கலாம். அடுத்த ஆண்டுக்கான விதையைத் தெரிந்தெடுப்பதும் இப்பருவத்து வேலையே. மிஞ்சிய காயை விதைக்கு விடும் வழக்கம் கெடுதலானது. நோயற்று நன்றாகக் காய்க்கும் செடியை முன்னதாகவே குறித்து, அதன் நல்ல காயைச் செடியிலேயே முற்றவிட்டு, விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து காற்றுப் புகாத கலத்தில் வைத்தல் வேண்டும்.

மாசி, பங்குனி

இலையுதிர் காலமாதலால் கொல்லை சருகால் நிறையும். அதனைக் கூட்டித் தீயிடுவது எருவை எரிப்பதாகும். சருகைச் செடிகளின் அடியில் மூடாக்காக இட்டால் நீர்ச் செலவு குறையும். நீர் சுருங்கிய இடங்களில், அடியிற் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைச் செடியருகே புதைத்து நிரப்பிவந்தால், நீர் வேருக்கே நேராகச் சென்று சேரும். எல்லாச் செடிகளையும் காப்பாற்ற முயன்று எல்லாவற்றையும் இழப்பதினும், மரக்கன்றுகளையும் கறிவேப்பிலை, கீரைகளையும் மட்டும் காத்தல் விவேகமாகும்.

எருவும் பூச்சியும்

இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, சருகு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரங்காத்து, இடையிடையே புரட்டிக் கூட்டெரு ஆக்கும் முறையை வகுத்தார். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் 3 அடி ஆழமுமுள்ள இரண்டு குழிகள் ஒரு வீட்டுக்குப் போதும். ஒன்று மக்குங்காலத்தில் மற்றொன்றை நிரப்பலாம். குழியைப் புரட்டும்பொழுது காணப்படும் பருத்த வெண்புழுக்கள் தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குழவிகளாதலால், அவற்றைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும்.

குழந்தைகள் விளையாடுவதும் குடிநீர்க் கிணறு இருப்பதுமான கொல்லையில் கடும் விஷ மருந்துகளைத் தெளிப்பது எவ்வாற்றானும் தகாது. 10 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால், இலை தின்னும் புழுக்களும் அசுவினியும் பெரும்பாலும் அடங்கும். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியிற் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, விரைவிற் பரவிப் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் பாழாக்கிற்று. 2010ஆம் ஆண்டில் தருவித்து விடப்பட்ட ஒரு சிற்றொட்டுண்ணிக் குளவியே அதனை அடக்கிற்று. விஷ மருந்து இத்தகைய நன்மைப் பூச்சிகளையும் கொன்று, தீமைப் பூச்சிக்குத் துணைசெய்கின்றது.

கிராம அதிகாரிகளின் கடமை

பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் வெற்றிடங்களில் முருங்கை, கறிவேப்பிலை, நெல்லி, பப்பாளி வைத்துப் பேணுவது அதிக செலவுள்ள காரியமன்று. பொதுக் குழாயடியிலும் கிணற்றடியிலும் வழிந்தோடும் நீரை ஒரு வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடின் சேறும் குறையும், குலையும் கிட்டும். ஆனி மாதத்திலேயே ஊராருக்கு வேண்டிய விதைகளின் கணக்கெடுத்துத் தோட்டக்கலை அலுவலகத்துக்குத் தெரிவித்தால், ஆடிப் பட்டத்துக்கு முன் விதை கைக்கு வந்துசேர வழியுண்டு. விதைத்த பின் வரும் யோசனையினும் விதைக்குமுன் வரும் விதை மேலானது.

விளைந்ததை உண்ணும் முறையையும் அறிந்திருத்தல் நலம். கீரையிலுள்ள இரும்புச் சத்து, கீரையை மட்டும் உண்டால் உடலிற் குறைவாகவே சேரும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். முருங்கைக் கீரையின் ‘ஏ’ ஜீவசத்து உடலில் ஒட்டுவதற்குச் சிறிதளவு எண்ணெய் வேண்டும். உண்டபின் உடனே தேநீரும் காப்பியும் அருந்துதல் இரும்புச் சத்தின் பயனைக் குறைக்கும். கொல்லையிற் பறித்த முதற் காயையும் கீரையையும் வீட்டிலுள்ள கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அளித்து, மிகுந்ததையே சந்தைக்கு அனுப்புதல் வேண்டும்.