எல்லைக் கல்லில் இட்ட காசு

சரித்திரம் என்றதும் எம் மாணவர் மன்னர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையுமே நினைவு கூர்வர். 1665 என்றால் இலண்டனிற் பரவிய கொள்ளைநோய். 1666 என்றால் அந்நகரை எரித்த பெருந்தீ. பரீட்சைக்கு இவை போதும். ஆயினும், அவ்விரு ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததையும் நாம் அறிந்திருத்தல் நன்று. அயலானிடத்து அன்பு என்று கிறிஸ்து சமயம் போதிப்பது யாது என்பதை அது தெளிவாக்குகின்றது.

டாபிசயர்ப் பகுதியிலுள்ள அம்மலைக் கிராமத்தின் பெயர் ஈம். ஈயச் சுரங்கத் தொழிலாளரும் உழவரும் வாழ்ந்த ஊர் அது. 1665ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில், அவ்வூர்த் தையற்காரர் ஒருவருக்கு இலண்டனிலிருந்து துணிப்பொதி ஒன்று வந்தது. ஈரமாயிருந்த துணியை அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் விக்கர்ஸ் நெருப்பருகே விரித்து உலர்த்தினார் என்பர். செப்டெம்பர் 7ஆம் நாள் அவர் மாண்டார். துணியில் ஒளிந்திருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன எனக் கருதப்படுகிறது. தெள்ளினால் இந்நோய் பரவும் என்பது 1898இலேதான் கண்டறியப்பட்டது.

மாரியில் தணிந்த நோய் 1666 யூன் மாதத்திற் சீறி எழுந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓட எண்ணினர். ஓடியிருப்பின் நோயும் அவர்களுடன் அயலூர்களுக்குச் சென்றிருக்கும்.

அப்பொழுது அவ்வூரில் இரு குருமார் இருந்தனர். ஒருவர் பதவியிலிருந்த வில்லியம் மொம்பெசன். மற்றவர் தோமஸ் ஸ்ரான்லி. அரசு விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததனாற் பதவி இழந்தவர். கொள்கையால் எதிரெதிரான இவ்விருவரும் ஒருங்கு நின்று, "ஊரெல்லையைத் தாண்டோம்" என்னும் உறுதியை மக்களிடம் பெற்றனர். தேவாலயம் மூடப்பட்டது, வழிபாடு திறந்த பள்ளத்தாக்கில் நடைபெற்றது. இறந்தோரை அவரவர் குடும்பத்தவரே தத்தம் நிலத்திற் புதைத்தனர். உணவை வெளியூரார் எல்லையில் வைத்துச் சென்றனர். அதற்குரிய காசை ஈம் மக்கள் எல்லைக் கல்லிற் குடைந்த குழிகளில் வினாகிரி ஊற்றி, அதனுள் இட்டனர். தம் கை தொட்ட காசினாலும் பிறர்க்குத் தீங்கு நேரலாகாது என்பதே அவர் கவலை!

அந்த ஓகஸ்ட் மாதத்தில் எலிசபெத் ஹன்கொக் என்னும் தாய், எட்டு நாட்களுள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அடக்கஞ் செய்தாள். மொம்பெசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். மனைவி கதரீனோ அவரைப் பிரிய மறுத்து உடனிருந்து, அதே மாதத்தில் உயிர் நீத்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது மாண்டோர் ஏறத்தாழ 260 பேர்.

ஊருக்குள் அடைபட்டமையாலேயே இறப்பு மிகுந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கூறுவர். தம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊராரை நிறுத்திய குருவையும் சிலர் குறை கூறுவர். இக்கேள்விகளை நாம் மறைத்தல் தகாது. ஆயினும், பிள்ளைப் பாசமுடைய சாதாரண மனிதரே இதனைச் செய்தார் என்பதாலன்றோ அச்செயல் நமக்குப் பாடமாகின்றது?

"என் அயலான் யார்?" என வினவியவனுக்கு இயேசு நல்ல சமாரியனின் கதையைக் கூறினார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் கண்ணாற் கண்டான், கண்டு இரங்கினான். ஈம் மக்களோ தாம் காணாத ஊர்களின் முகமறியாத மாந்தரை அயலாராகக் கொண்டனர். அவர்களால் காப்பாற்றப்பட்டவர் இன்னார் என்று எவராலும் சுட்ட இயலாது. நன்றி கூற வருவாரும் இலர். கைம்மாறு கருதாத அன்பு என்பது இதுவே.

2020இல் கொரோனாக் காலத்தில் நாமும் வீட்டினுள் அடைபட்டிருந்தோம். அன்று நாம் நம்மைக் காக்க இருந்தோமா, பிறரைக் காக்க இருந்தோமா? இவ்வினாவைப் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்து சிந்திப்பார்களாக. ஆண்டுகளை மனனஞ் செய்வது பரீட்சைக்கு உதவும். அவ்வாண்டுகளில் வாழ்ந்த எளிய மாந்தரின் உள்ளத்தை அறிவது வாழ்வுக்கு உதவும்.