சிவப்புக் கோடு போட்ட மாத்திரையும் குடல் நுண்ணுயிர்களும்

பழனி மலைத்தொடரின் பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் விளைவதும் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதுமான கொடைக்கானல் மலைப்பூண்டு, எல்லாப் பூண்டையும் போலவே, ஃபிரக்டான் என்னும் நார்ச்சத்து மிகுந்தது. அதைச் செரிக்கும் நொதி மனித உடலில் இல்லாததால், சிறுகுடலைச் சிதையாமல் கடந்து பெருங்குடலை அடையும் அந்த நார்ச்சத்தை அங்கு வாழும் பாக்டீரியாக்கள் உணவாகக் கொண்டு, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு எரிபொருளாகும் பியூட்டிரேட், வரம்பு மீறும் நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் பெருகவும் துணைசெய்வதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நோய்க்கிருமியைத் தாக்கவும், உண்ணும் உணவைத் தாக்காமல் விடவும் எதிர்ப்பு மண்டலம் பழகுவதில் இந்நுண்ணுயிர்களின் பங்கு பெரிது. அப்பழக்கம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது.

தேவையின்றி விழுங்கும் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, நோய்க்கிருமியோடு இந்த நல்ல கூட்டத்தையும் சில நாட்களில் குலைத்துவிடுகிறது. அவ்வாறு காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதும் உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி மருத்துவமனைக்குச் செல்வதைவிட, "வயித்தால போகுது, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்பது மலைக்கிராமத்தாருக்கு எளிது என்பதை எவரும் குறைசொல்ல முடியாது. ஆயினும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அங்கு உயிர்காப்பவை ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையுமே.

மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு, மருத்துவரின் சீட்டின்றி அம்மருந்தை விற்கலாகாது என்பதன் அடையாளம். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணையின்படி, அதில் அடங்கும் வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடை, நோயாளியின் பெயரையும் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரையும் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். எந்த மருந்து, எதற்காக, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்பதும், கடையில் ரசீது பெறுவதும் நோயாளியின் உரிமை. சீட்டின்றி விற்பதைக் கண்டால் மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். ரசீது மறுக்கப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. மருந்தால் பக்கவிளைவு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக்கை, முக்கியமாகக் காசநோய் மருந்தை, குடல் நுண்ணுயிர்களுக்கு அஞ்சித் தாமாக நிறுத்துவது பெருந்தீங்கு. பூண்டும் அம்மருந்துக்கு மாற்றாகாது. வயிற்றுப்போக்கின்போது மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், குழந்தையின் வறண்ட நாக்கு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.