செம்பு மணியும் சோப்பு நுரையும்

ஈரானின் தென்மேற்கே அலி கோஷ் என்ற பழைய குடியிருப்பு மேட்டில் ஒரு செம்பு மணி கிடைத்தது. அதன் வயது எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அரித்துப்போன அந்தச் சிறு பொருளை ஆராய்ந்தவர் அமெரிக்க உலோகவியலாளர் சிரில் ஸ்டான்லி ஸ்மித். மண்ணில் உலோகமாகவே கிடைக்கும் செம்பைத் தட்டித் தகடாக்கி, அந்தத் தகட்டைச் சுருட்டி மணியாக்கியிருக்கிறார்கள் என்று அவர் கண்டார். அதை அடித்த கை மரம் வெட்ட நினைக்கவில்லை, கழுத்தில் கோக்க நினைத்தது. ஸ்மித் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்ததும் இதைத்தான். ஒரு பொருளின் குணத்தை மனிதன் முதலில் அறிந்துகொண்டது பெரும்பாலும் அழகுக்காக அதைக் கையாண்டபோது. பயன் பின்னால் வந்து சேர்ந்தது. கலை ரசிகர் ஒருவர் சொல்லியிருந்தால் இதை எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் சொன்னவர் பித்தளைத் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டு உழைத்தவர், முதல் அணுகுண்டின் உலோகத்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர். அவருடைய தொழில் வாழ்க்கையே இந்த வாதத்துக்குச் சான்று என்பது என் எண்ணம்.

ஸ்மித் 1903இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தார். அங்கேயே உலோகவியல் படித்து, 1926இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பித்தளை நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். செம்புக் கலவைகள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் எப்படிக் கடத்துகின்றன, எந்த அளவு இழுத்தால் அறுகின்றன என்று அளப்பது அவர் வேலை. சுமார் இருபது காப்புரிமைகள் அங்கே பிறந்தன. அதே ஆண்டுகளில், வேலைக்குச் சற்றும் தேவைப்படாத இன்னொரு காரியத்தையும் அவர் செய்துகொண்டிருந்தார். 1540இல் இத்தாலியில் அச்சான பிரிங்குச்சோவின் உலோகத்தொழில் நூலை மார்த்தா நியூடியுடன் சேர்ந்து ஆங்கிலமாக்கினார். அது 1942இல் வெளியானது. பகலில் பித்தளை ஆலை, மற்ற நேரத்தில் நானூறு ஆண்டு பழைய வார்ப்புப் பட்டறை.

1943இல் அவர் அணுகுண்டு உருவாக்கப்பட்ட லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனார். உலோகவியலாளர் ஒருவருக்கு வாய்க்கக்கூடிய மிகக் கடினமான பொருள் அங்கே காத்திருந்தது. புளூட்டோனியம் 640 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குள் ஆறு வேறு வேறு திண்ம வடிவங்களை எடுத்துவிடும். சாதாரண வெப்பநிலையில் அதன் வடிவம் ஆல்ஃபா. வார்ப்பிரும்புபோல் நொறுங்கும், ஒரு கன சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 19.8 கிராம் எடை. சூடேற்றினால் வரும் டெல்டா வடிவமோ அலுமினியம்போல் வளைந்து கொடுக்கும், எடை 15.9 கிராமாகக் குறையும். அதாவது ஒரே துண்டு கால்பங்கு பருத்துவிடுகிறது. இப்படிச் சுருங்கியும் விரிந்தும் விளையாடும் உலோகத்தைத் துல்லியமான அரைக்கோளமாக்குவது எப்படி? சிறிதளவு காலியம் கலந்தால் டெல்டா வடிவம் சாதாரண வெப்பநிலையிலும் நிலைக்கும் என்று குழு கண்டுபிடித்தது. முதல் குண்டுச் சோதனைக்கு முந்தைய கடைசி நேரத்தில் அரைக்கோளங்களின் மேல்பூச்சு கொப்புளம் கண்டது. இரண்டு முகங்களும் ஒட்டி உட்கார வேண்டும், இல்லையென்றால் எல்லாம் பாழ். கொப்புளத்தை ராவிவிட்டு, இடைவெளியில் மெல்லிய தங்கத் தகடு வைத்துச் சரிசெய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய இயற்பியல் சோதனையில், நகைப் பட்டறைக்கு உரிய ஒரு கைவேலைக்கும் இடமிருந்தது.

போர் முடிந்தபின், 1946இல், ஸ்மித் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உலோக ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. துத்தநாகம் பூசிய புது வாளியை வெயிலில் திருப்பிப் பார்த்தால் பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திட்டும் ஒரு படிகம். எல்லா உலோகங்களும் இப்படிப் படிக மணிகள் நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டந்தான். பெரும்பாலும் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அந்த மணிகள் ஏன் அந்த வடிவத்தில் இருக்கின்றன? ஸ்மித் விடை தேடியது சோப்பு நுரையில். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒற்றை அடுக்காக நுரையை அடைத்து, அது மாறுவதைப் படம்பிடித்தார். சவ்வுகள் எப்போதும் மூன்று மூன்றாகவே கூடுகின்றன, 120 டிகிரி கோணத்தில். ஆறு பக்கத்துக்குக் குறைந்த குமிழி சுருங்கி மறைகிறது, கூடுதலாக உள்ளது பெருக்கிறது, சரியாக ஆறு உள்ளது அப்படியே நிற்கிறது. 1952இல் வெளியான ஒரு தொகுப்பில் இதற்குக் கணித நிரூபணம் எழுதியவர் கணிதவியலாளர் வான் நாய்மன். உலோகத்தைக் காய்ச்சிப் பதப்படுத்தும்போது சிறு மணிகளைப் பெரிய மணிகள் விழுங்குவதைப் புரிந்துகொள்ள, குழந்தைகள் ஊதும் நுரை வழிகாட்டியது. உலோகத்தின் வலிமையே இந்த மணிகளின் அளவைப் பொறுத்தது என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

1961இல் எம்.ஐ.டி. திரும்பியவர் உலோகவியல் துறையிலும் மானுடப் புலங்கள் (humanities) துறையிலும் ஒருசேரப் பணியாற்றினார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த உலோக நுண்ணமைப்பியல் வரலாறு என்ற நூலில் தென்னிந்தியாவுக்கு முக்கியமான இடமுண்டு. நம் கொல்லர்கள் மூசையில் உருக்கிய கரிமம் மிகுந்த உருக்கை ஐரோப்பியர் ஊட்ஸ் என்றார்கள். அதில் அடித்த வாளை அமிலத்தில் கழுவினால் நீரலைபோல் கோலம் எழும். இத்தகைய கோலம் எப்படி வருகிறது என்று வியந்து, அதைப் போலச்செய்ய முயன்றதுதான், இரும்பை உருக்காக்குவது கரிமமே என்ற முடிவை நோக்கி ஐரோப்பிய வேதியியலை நகர்த்தியது என்று ஸ்மித் வாதிட்டார். அந்த முடிவு 1780களில் தெளிவாயிற்று. பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயும் ஊட்ஸை எடுத்து ஆராய்ந்தார். வாளின் கூர்மைக்கு நிகராக அதன் கோலமும் அறிவியலை உந்தியிருக்கிறது.

அழகு முந்தியது, பயன் பிந்தியது என்பதை மறுப்பவர்களிடம் வலுவான வாதங்கள் உண்டு. நகையைக் கல்லறையில் வைத்துப் புதைப்பார்கள்; உடைந்த கத்தியை உருக்கி மறுபடி பயன்படுத்துவார்கள். ஆகவே நமக்குக் கிடைப்பதில் நகை மிகுந்திருப்பது இயல்புதானே? செம்பில் ஊசிகளும் துளைமுனைகளும் மிகப் பழங்காலத்திலேயே கிடைக்கவும் செய்கின்றன. இந்தக் கேள்வி நியாயமானது, ஸ்மித்தின் கருத்தை விதியாக்காமல் தடுப்பதும் இதுதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டாத செம்பு மெத்தென்றிருக்கும். வெட்டுவதற்குச் சிக்கிமுக்கிக் கல் அதைவிடப் பல மடங்கு மேல். கல் கையிலிருந்தபோது செம்பைத் தேடி எடுக்கப் பயன் மட்டும் காரணமாகியிருக்காது. அந்த நிறமும் மினுக்கும் கண்ணை இழுத்திருக்க வேண்டும். இன்னொரு வாதம், ஸ்மித்தின் மிகப் பெரிய பணியே போரின் அவசரத்தில் நடந்தது என்பது. உண்மை. அந்தக் காலியம் கலந்த புளூட்டோனியம்தான் 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியை அழித்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. 1949இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்தபோது, ஹைட்ரஜன் குண்டு செய்யவே கூடாது என்று எழுதிய ஆறு பேரில் அவரும் ஒருவர். போர் பணத்தையும் வேகத்தையும் கொடுத்தது. உலோகத்தின் போக்கை அறிந்த கையை அது கொடுக்கவில்லை. அந்தக் கை பித்தளை ஆலையில் முன்பே பழகியிருந்தது.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: நுரை ஊதுவதும் பழைய நூல் மொழிபெயர்ப்பதும் பெயரெடுத்த பேராசிரியருக்குக் கட்டுப்படியாகும், கட்டுரை எண்ணிக்கையில் பதவி தொங்கும் இளைஞருக்கு ஆகாது. அந்த இளைஞரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது, அது தீர வேண்டியதும்கூட. ஆனால் ஸ்மித் பிரிங்குச்சோவை எடுத்தது பேராசிரியராவதற்கு முன், ஆலைச் சம்பளக்காரராக. நுரைச் சோதனைக்குத் தேவைப்பட்டவை கண்ணாடி, சோப்பு, பொறுமை. நம் பல்கலைக்கழகங்களில் குறைவாக இருப்பது கருவி என்பதைவிட, துறை எல்லையைத் தாண்டிப் பார்ப்பவருக்குத் தரும் நேரம்தான் என்று நினைக்கிறேன். உதாரணமாக, ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது உருக்கு உலைகளின் தடயங்களும், சூதுபவளம் போன்ற கற்களில் மணி செய்த பட்டறைகளின் தடயங்களும் ஒரே ஊரில் கிடைத்தன. அவற்றைப் படிக்க உலோகவியலாளர் ஒருவரும் தொல்லியலாளர் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது.