பிறந்த குட்டியைக் கழுவாதீங்க

போன ஐப்பசி மழையில் என் தலையீத்துச் செம்மறி சேற்றில் குட்டி போட்டது. பாவம் என்று குட்டியை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டேன். தாய் மோந்து பார்த்தது, முட்டித் தள்ளியது. புட்டிப்பால் கொடுத்தும் மூன்றாம் நாள் குட்டி செத்துப்போச்சு. "அதோட வாசத்தையே கழுவிட்டீங்களே சார்" என்றார் கிடை போட வந்த கீதாரி.

அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. ஈனும்போது பிறப்புப் பாதை விரிகிற உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போக, அங்கே ஆக்சிடோசின் சுரக்கிறது. மற்ற நாளில் பனிக்குட நீரின் வாடையை வெறுக்கும் ஆடு, அந்நேரம் அதை ஆசையாய் நக்கும். நக்க நக்க, மூளையில் மணம் அறியும் பகுதியில் அந்தக் குட்டியின் வாசம் பதிகிறது. சுமார் 2 மணி நேரத்தில் பதிவு முடிந்துவிடும். அப்புறம், வங்கியில் கையெழுத்தை ஒத்துப் பார்ப்பது போலத்தான்; வாசம் பொருந்தாத குட்டிக்கு மடி கிடையாது. ஈன்று பழகிய ஆடு கழுவிய குட்டியையும் ஓரளவு ஏற்கும். தலையீத்து ஆடுதான் அதிகம் ஒதுக்கும்.

ஆகவே மூக்கு, வாயிலுள்ள கோழையை மட்டும் துடையுங்கள். மீதியைத் தாய் நக்கட்டும், குட்டி சீம்பால் குடிக்கட்டும். முதல் சில மணி நேரம் இரண்டையும் பிரிக்காதீங்க. தாயில்லாக் குட்டியை ஒட்டவைக்க, அப்போதுதான் ஈன்ற ஆட்டின் பனிக்குட நீரை அதன் மேல் பூசிப் பாருங்கள்.

இந்த ஈத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதே ஆடுதான், குட்டி இப்போது மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது.