சாவு விளையாட்டின் வரவு செலவு

கடனாளிகளின் கதையாகத் தொடங்கி உலகையே உறைய வைத்த கொரியத் தொடர் ‘ஸ்குவிட் கேம்’ மூன்று பாகங்களுடன் முடிந்துவிட்டது. அதன் கணக்கில் லாபம் எது, நஷ்டம் எது?

முதல் ஆட்டம் முடியும்போது மைதானத்தில் 255 பிணங்கள். மிஞ்சிய 201 பேரும் உயிர்ப்பிச்சை கேட்டுக் கதறுகிறார்கள். விதிப்படி ஓட்டெடுப்பு நடக்கிறது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஆட்டம் ரத்தாகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

வழக்கமான திகில் கதையாக இருந்தால், இந்த இடத்தில் கைதிகள் சுரங்கம் தோண்டிக் கொண்டிருப்பார்கள். கதாசிரியரும் இயக்குனருமான ஹ்வாங் டோங்-ஹ்யுக் கதவைத் திறந்தே விட்டுவிடுகிறார். வெளியே போனவர்களுக்காகக் காத்திருப்பவை கந்துவட்டிக்காரனின் கத்தி, தாயின் ஆஸ்பத்திரிச் செலவு, போலீஸின் கைது வாரண்ட். சில நாட்களில் 187 பேர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். அந்த அத்தியாயத்தின் பெயர் ‘நரகம்’. தீவில் நடக்கும் கொலைகளைப் பற்றிய அத்தியாயம் அல்ல அது. சோல் நகரத்துத் தெருக்களைப் பற்றியது. தொடரின் பலம் முழுவதும் இந்த ஒரு திருப்பத்தில் அடங்கியிருக்கிறது.

2021 செப்டம்பர் 17 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியான 9 அத்தியாயங்களை, முதல் 28 நாட்களில் உலகம் 165 கோடி மணி நேரம் பார்த்துத் தீர்த்தது. 2022ல் 14 எம்மி விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு 6 விருதுகளை வென்றது. கதாநாயகன் கி-ஹுன்னாக நடித்த லீ ஜுங்-ஜே, ஆங்கிலம் அல்லாத மொழியில் நடித்து சிறந்த நாடகத் தொடர் நடிகருக்கான எம்மியைப் பெற்ற முதல் மனிதர் ஆனார். இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 26 அன்றும், மூன்றாம் பாகம் 2025 ஜூன் 27 அன்றும் வந்தன. (இன்னும் பார்க்காதவர்களுக்கு எச்சரிக்கை: முடிவும் இங்கே அலசப்படுகிறது.)

லேப்டாப்பை விற்ற இயக்குனர்

கதை பிறந்ததே கடனில்தான். 2008, 2009 வாக்கில் ஹ்வாங்கின் கையில் காசில்லை. படக்கதைப் புத்தகக் கடைகளில் உட்கார்ந்து, உயிரைப் பணயம் வைத்து விளையாடும் ஜப்பானியக் கதைகளைப் படித்தே பொழுதைக் கழித்தார். இந்த மாதிரி ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தால் நானே போய்விடுவேன் போலிருக்கிறதே என்ற எண்ணம்தான் விதை. பாதி எழுதிக் கொண்டிருக்கும்போது லேப்டாப்பையே விற்க வேண்டி வந்தது. எழுதி முடித்ததைப் படித்த தயாரிப்பாளர்கள், நம்ப முடியாத கதை, கோரமான கதை என்று கையை விரித்தார்கள். கதை பத்தாண்டு காத்திருந்தது. அதற்குள் தென் கொரியக் குடும்பங்களின் மொத்தக் கடன், நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பையே தாண்டும் அளவுக்கு வீங்கிவிட்டது. நம்ப முடியாத கதை நம்பக்கூடியதானது இப்படித்தான்.

456 போட்டியாளர்கள். ஒரு தலைக்கு 10 கோடி வான். ஒருவர் சாகும்போதெல்லாம் கூரையில் தொங்கும் கண்ணாடி உண்டியலில் கட்டுக்கட்டாகப் பணம் விழும். கடைசியில் மிஞ்சுபவருக்கு மொத்தம் 4,560 கோடி வான். இதே வகையில் ஜப்பானின் ‘பேட்டில் ராயல்’ (2000), அமெரிக்காவின் ‘ஹங்கர் கேம்ஸ்’ எல்லாம் முன்பே வந்தவை. ஆனால் அங்கே ஆடுபவர்களை அரசாங்கம் இழுத்து வந்து தள்ளுகிறது. இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இது மரண தண்டனையைவிட பயங்கரம்.

ஆட்டங்களின் எளிமை இன்னொரு சாமர்த்தியம். நின்றாடும் ஆட்டம், கயிறு இழுத்தல், கோலிக்குண்டு. விதிகளை விளக்க அரை நிமிடம் போதும். மீதி நேரம் முழுவதும் மனித முகங்களுக்கே. ஆளை விழுங்கும் அறைகள் மிட்டாய் நிறத்தில் இருக்கின்றன. குழந்தைகள் பள்ளியில் ஊதிப் பழகும் குழல் வாத்தியத்தை ஜுங் ஜே-இல் பின்னணி இசையாக்கி முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறார்.

உச்சம், ஆறாவது அத்தியாயம். ஜோடி சேரச் சொல்கிறார்கள். எல்லோரும் தங்களுக்கு மிக நெருங்கியவரையே தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அந்த ஜோடிக்குள்தான் போட்டி, தோற்பவருக்குச் சாவு. பாகிஸ்தானிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி அலி, படித்த சாங்-வூவை முதலில் முதலாளியாக பாவித்தே அழைத்து வந்தான். ‘அண்ணா என்றே கூப்பிடு’ என்கிறான் சாங்-வூ. அந்த ஒரு சொல்லில் உருகிப்போன அலி, அண்ணன் கொடுத்த பையில் இருப்பது கோலி அல்ல, கூழாங்கல் என்று தெரிந்துகொள்வது கடைசி நிமிடத்தில்தான். துப்பாக்கிச் சத்தத்தைவிட அந்த ‘அண்ணா’ வலிக்கிறது. உறவுமுறைச் சொல்லுக்கு என்ன எடை என்று அறிந்த இந்திய ரசிகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலியாக நடித்த அனுபம் திரிபாதி, டெல்லி மேடை நாடகங்களில் பயின்று, 2010ல் உதவித்தொகை பெற்று கொரியாவுக்கு நடிப்புப் படிக்கப் போனவர்.

நிஜமான தொழிற்சாலை

இந்தியாவுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. கி-ஹுன் ‘டிராகன் மோட்டார்ஸ்’ என்ற கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஆட்குறைப்பில் வீதிக்கு வந்தவன். வேலைநிறுத்தத்தில் சக தொழிலாளி கண்ணெதிரே சாவதைப் பார்த்தவன். இதற்குத் தூண்டுதல் சாங்யோங் மோட்டார் நிறுவனம் என்பதை ஹ்வாங்கே சொல்லியிருக்கிறார். சாங்யோங் என்றால் இரட்டை டிராகன். 2009ல் 2,600க்கும் அதிகமானவர்களை வேலைநீக்கம் செய்வதாக நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர்கள் பியோங்டேக் ஆலையை 77 நாட்கள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். போலீஸ் அதிரடிப்படை புகுந்து முடித்து வைத்தது. பின்வந்த ஆண்டுகளில் வேலையிழந்தவர்களும் அவர்கள் குடும்பத்தினருமாகப் பலர் தற்கொலையாலும் நோயாலும் மாண்டார்கள். நொடித்துப்போன அந்த நிறுவனத்தை 2011ல் வாங்கியது நம்மூர் மஹிந்திரா.

இந்த மண்ணில் வேர் இருப்பதால்தான் முதல் பாகம் வெறும் ரத்தக் களரியாகிவிடாமல் தப்பித்தது.

எங்கே சறுக்கியது?

குறைகளும் முதல் பாகத்திலேயே தலைகாட்டின. தங்க முகமூடி போட்டு வேடிக்கை பார்க்க வரும் வெளிநாட்டுக் கோடீசுவரர்கள் வாயைத் திறந்தாலே தொடரின் தரம் இரண்டு படி இறங்குகிறது. மற்ற எல்லோரும் மனிதர்களாக இருக்கும் கதையில், அதிகாரம் படைத்தவர்கள் மட்டும் அட்டைப் பொம்மைகள். உடல் உறுப்புக் கடத்தல் கிளைக்கதையை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது.

கடைசித் திருப்பமும் விவாதத்துக்குரியது. பரிதாபத்துக்குரிய கிழவர் இல்-நாம்தான் விளையாட்டின் கர்த்தா என்பது நல்ல அதிர்ச்சி. ஆனால் காரணம் என்ன? பணம் மிஞ்சிப்போனவனின் சலிப்பு. எட்டு அத்தியாயங்களாக வங்கி, முதலாளி, சட்டம் என்று ஒரு முழு அமைப்பின் மீது விரலை நீட்டிய கதை, ஒன்பதாவதில் ஒரு கிழவரின் விபரீத பொழுதுபோக்காகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாம் பாகத்தில் ஒரு அருமையான யோசனை இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஓட்டெடுப்பு; நிறுத்தினால் சேர்ந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டு போகலாம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்ற சபலம் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறது. நீலம், சிவப்பு என்று இரண்டு அணிகளாகப் பிளந்து பெரும்பான்மை சிறுபான்மையைச் சாவுக்கு இழுத்துப் போகிறது. 2024 டிசம்பர் 3 இரவு தென் கொரியாவில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு சில மணி நேரத்தில் விலக்கிக் கொள்ளப்பட்ட சூட்டோடு வெளியான பாகம் என்பதால் இந்தக் காட்சிகள் கூடுதலாகச் சுட்டன.

ஆனால் யோசனை ஒன்றை வைத்துக்கொண்டு 13 அத்தியாயங்கள் ஓட்டுவது சிரமம். இரண்டு, மூன்று பாகங்கள் உண்மையில் ஒரே கதையை நடுவில் வெட்டியவை. இரண்டாம் பாகம் முடியவே இல்லை, நின்றுவிடுகிறது. போலீஸ்காரர் ஜுன்-ஹோ படகில் தீவைத் தேடுகிறார், தேடுகிறார், தேடிக்கொண்டே இருக்கிறார். கண்டுபிடிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பாத்திரம் இல்லாவிட்டாலும் ஒரு காட்சிகூட மாறியிருக்காது. முதல் பாகத்தில் தவறு செய்கிற, ஏமாற்றுகிற, அழுகிற மனிதனாக இருந்த கி-ஹுன், தொடர்ச்சியில் லட்சியப் புருஷனாகி முகபாவத்தையே இழந்துவிடுகிறான். போட்டிக்கு நடுவே பிறக்கும் குழந்தைக்கு இறந்த தாயின் எண்ணையே கொடுத்து ஆட்டக்காரியாக்குவது துணிச்சல்தான். ஆனால் கம்ப்யூட்டர் பொம்மை போலத் தெரியும் அந்தக் குழந்தையின் மேல் கதையின் முழு பாரத்தையும் ஏற்றியது விஷப்பரீட்சை. கி-ஹுன் தன்னைப் பலி கொடுக்கிறான், குழந்தை ஜெயிக்கிறது. அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் ஆள் பிடிக்கும் ஏஜெண்டாக ஹாலிவுட் நட்சத்திரம் கேட் பிளான்செட். தியாகத்தின் சூடு ஆறுவதற்குள் அடுத்த கடைக்குத் திறப்பு விழா!

யாருக்குப் பரிசு?

தொடரின் மிகப்பெரிய முரண்பாடு திரைக்கு வெளியே இருக்கிறது. முதல் பாகத்தின் செலவு சுமார் 2.14 கோடி டாலர். நெட்ஃப்ளிக்ஸுக்கு அதனால் கிடைத்த மதிப்பு சுமார் 90 கோடி டாலர் என்று 2021ல் ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. ஹ்வாங்குக்குக் கிடைத்ததோ ஒப்பந்தத் தொகை மட்டும். படப்பிடிப்பின் மன உளைச்சலில் ஆறு பற்களை இழந்ததாகச் சொன்ன அவர், தொடர்ச்சி எடுக்க வந்ததற்குப் பணமும் ஒரு காரணம் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தன் கதாநாயகனைப் போலவே அவரும் ஒரு முறை வெளியேறிவிட்டு மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பியவர்தான்.

2023 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் அதே அரங்குகளைப் போட்டு, நிஜமாகவே 456 பேரை ஓடவிட்டு, 45.6 லட்சம் டாலர் பரிசு கொடுத்தது. துப்பாக்கி மட்டும் இல்லை. பிரிட்டனில் நடந்த படப்பிடிப்பில் குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வைத்ததாகப் போட்டியாளர்கள் புகார் சொன்னார்கள். ஏழ்மையை வேடிக்கை பார்ப்பதைக் கண்டித்த கதையே வேடிக்கைப் பொருளாகிவிட்டது.

அப்படியானால் பார்க்கலாமா? முதல் பாகத்தை அவசியம் பார்க்கலாம், குழந்தைகள் தூங்கிய பிறகு. மற்ற இரண்டும் முதல் பாகம் விட்டுப்போன பாசத்துக்காக.

தொடர் கடைசிவரை யோசிக்காமல் விட்ட முடிவு ஒன்று உண்டு. கி-ஹுன் ஒற்றை ஆளாகப் போராடி ஒற்றை ஆளாகச் சாகிறான். நிஜ வாழ்க்கையின் சாங்யோங் தொழிலாளர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒன்பது ஆண்டுகள் கூட்டாகப் போராடி, மிச்சமிருந்த 119 பேரையும் திரும்ப வேலைக்கு எடுக்க 2018ல் ஒப்பந்தம் போட வைத்தார்கள். கடைசி ஆட்கள் ஆலைக்குள் காலெடுத்து வைத்தது 2020ல். அங்கே கண்ணாடி உண்டியல் இல்லை, பரிசுத் தொகை இல்லை. ஒருவர் ஜெயிக்க மற்றவர் சாக வேண்டியிருக்கவும் இல்லை.